தள்ளி வைக்கச் சொன்னீர்கள், ஒயர் தந்தீர்களா?

போர்ட்டபிள் ஜெனரேட்டர்களைத் தயாரிப்பவர்களுக்கும், இறக்குமதி செய்பவர்களுக்கும், விற்பவர்களுக்கும், வாடகைக்கு விடுபவர்களுக்கும்,

மின்சாரம் இல்லாத இரவில் ஜெனரேட்டர் புகையால் ஒரு குடும்பம் தூக்கத்திலேயே இறந்துபோனால், உங்கள் பக்கத்திலிருந்து வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "பயன்படுத்தியவரின் கவனக்குறைவு. கையேட்டில் எழுதியிருக்கிறோம்." வீட்டு வயரிங், லைன் வேலை, சின்ன எஞ்சின் பழுதுபார்ப்பு இவற்றைத் தொழிலாகச் செய்யும் நாங்கள் அந்தப் பதிலை ஏற்கவில்லை.

உங்கள் பெட்டியை நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மெஷின், ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர், ஆயில் ஊற்ற ஒரு புனல், மடித்த கையேடு. பெரும்பாலும் அவ்வளவுதான். கையேட்டில் "வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காதபடி, திறந்த வெளியில் வைக்கவும்" என்று இருக்கிறது. சரியான அறிவுரைதான். அந்த 6 மீட்டரைத் தாண்டி மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஒயர் எங்கே? மழை பெய்தால் மூடக் கூரை எங்கே? ராத்திரி யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பூட்டிவைக்க ஒரு வளையம் எங்கே?

ஜெனரேட்டரை வராந்தாவுக்கும், படிக்கட்டுக்கு அடியிலும், பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளும் மக்கள் கொண்டுவருவதற்குக் காரணங்கள் இவைதான்: மழை, திருட்டுப் பயம், எட்டாத ஒயர், பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிச் சொல்லும் புகார். நான்குமே நீங்கள் டிசைன் மேசையில் தீர்க்கக்கூடியவை. தீர்க்காமல் விட்டுவிட்டு, எச்சரிக்கை ஸ்டிக்கரை மட்டும் ஒட்டியிருக்கிறீர்கள். அதையும் பலமுறை வாங்குபவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில், பெட்ரோல் டேங்க்குக்கு அடியில், விரல் நகம் அளவு எழுத்தில்.

புகையைப் பற்றிப் பேசும்போது "காற்றோட்டமான இடத்தில்" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த ஒரு சொல்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஆகவே காற்றோட்டம் இருக்கிறது என்று ஒருவர் நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி இல்லை. கார்புரேட்டர் வைத்த சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்குப் பல நூறு கிராம் கார்பன் மோனாக்சைடை வெளியே தள்ளுகிறது. மணிக்கு 600 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய 8.7 லிட்டர் வாயு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள மூடிய அறையின் கொள்ளளவு 36,000 லிட்டர். ஒவ்வொரு நிமிடமும் அந்த அறையில் சுமார் 240 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 240 பங்கு) ஏறும். ஐந்தே நிமிடத்தில் 1,200 பிபிஎம். வேலையிடப் பாதுகாப்பு நூல்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கும் அளவு அதுதான். ஜன்னலைத் திறந்தால் இந்த ஏற்றம் மெதுவாகும், நிற்காது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூக்கில் ஏறும் புகை வாசம் வேறு பொருள்களுடையது. வாசம் குறைவாக இருக்கிறது என்பதால் வாயு குறைவாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பிடித்துக்கொள்கிறது. 400 பிபிஎம் உள்ள அறையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முன்தலை வலிக்கும், மூன்று மணி நேரம் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 800 பிபிஎம்மில் முக்கால் மணி நேரத்திலேயே தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். 1,600 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்குள் மரணம் நேரலாம்.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, கால் தளர்ச்சி வந்தால் சாப்பாட்டில் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெளியே போய் நின்றால் தேறுகிறது, உள்ளே வந்தால் திரும்ப வருகிறது என்றால் அது சாப்பாடு இல்லை. இந்த ஒரு வரி உங்கள் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த வரியும் இருக்க வேண்டும்: முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், ஜெனரேட்டரை நிறுத்துவது அதற்குப் பிறகு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் ஆக்சிஜன் பிடித்த ரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 98 என்று காட்டும். மருத்துவமனையில் "ஜெனரேட்டர் ஓடியது" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் ரத்தத்தில் சரியான சோதனை செய்வார்கள்.

இதைத் தடுக்கத் தொழில்நுட்பம் இல்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. அமெரிக்காவின் போர்ட்டபிள் ஜெனரேட்டர் தயாரிப்பாளர் சங்கம் 2018-இல் கொண்டுவந்த ஜி300 தரம், மெஷினைச் சுற்றி 800 பிபிஎம் வந்தாலோ, 10 நிமிடச் சராசரி 400-ஐ எட்டினாலோ எஞ்சின் தானாக நிற்க வேண்டும் என்கிறது. அங்குள்ள பாதுகாப்புத் தர அமைப்பான யுஎல் வகுத்த 2201 என்ற தரம் இன்னும் கடுமையானது. நிறுத்தும் அளவை 400 பிபிஎம், 10 நிமிடச் சராசரி 150 பிபிஎம் என்று குறைத்ததோடு, எஞ்சின் வெளியிடும் வாயுவே மணிக்கு 150 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 80 முதல் 100 பேர் வரை போர்ட்டபிள் ஜெனரேட்டர் வாயுவால் இறக்கிறார்கள் என்று அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. சென்சார் வைத்த மாடலும் வைக்காத மாடலும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வைத்தது விலை கூடிய "பிரீமியம்" மாடல். உயிரைக் காப்பதை ரிமோட் ஸ்டார்ட்டோடு சேர்த்து வசதிப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அந்த சென்சாருக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். மெஷினைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே அது அறியும். ஜெனரேட்டர் வெளியே, ஜன்னலுக்கு நேராக நின்று, காற்று புகையை உள்ளே அடித்துக்கொண்டிருந்தால் மெஷினைச் சுற்றி அளவு ஏறாது, தூங்குகிற அறையில் ஏறும். அதனால்தான் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தனியாக வேண்டும். புகை அலாரம் இதற்கு உதவாது. ஐரோப்பியத் தரமான இஎன் 50291 முத்திரை உள்ள அலாரம் 300 பிபிஎம்மில் 3 நிமிடத்துக்குள் அலற வேண்டும். உள்ளேயிருக்கும் சென்சாருக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான் என்பதால் முடியும் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி ஒயருக்கு வருகிறோம்.

இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய ஒயரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை சுவரில் உள்ள 16 ஆம்ப் சாக்கெட்டில். "மெயினை ஆஃப் பண்ணிட்டு இதைச் சொருகுங்க, வீடு முழுக்க கரண்ட் வரும்" என்று கவுன்ட்டரிலேயே கட்டிக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போது சுவர் முனை கழன்றால், கையில் இருக்கும் பித்தளைப் பின்னில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. இது முதல் ஆபத்து. அதைவிடப் பெரியது மெயின் சுவிட்ச் பற்றியது. மெயினை ஒருவர் ஆஃப் செய்கிறார். இருட்டில் இன்னொருவர், வீட்டில் கரண்ட் இல்லையே என்று அதை ஆன் செய்கிறார். அல்லது ஆஃப் செய்யவே மறந்துவிடுகிறார்கள். உடனே உங்கள் மெஷினின் மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெரு லைனில் ஏறுகிறது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. 11,000 வோல்ட்டை 230 ஆக்குகிற அதே சுருள், பின்னாலிருந்து 230 கொடுத்தால் அதை 11,000 ஆக்கும். "தெருவில் உள்ள எல்லா வீட்டு லோடும் சேர்ந்து ஜெனரேட்டரை அமுக்கி நிறுத்திவிடும், அதனால் பயமில்லை" என்று சிலர் வாதிடுகிறார்கள். லைன் முழுதாக இருக்கும்வரை அது பெரும்பாலும் நடக்கலாம். ஆனால் மின்சாரம் போனதே லைன் அறுந்ததால்தானே? இரண்டு வீட்டுக்கு அப்பால் கம்பி அறுந்து கிடந்தால் லோடு இரண்டு வீட்டுடையதுதான், ஜெனரேட்டர் தாராளமாக ஓடும், அறுந்த கம்பியில் உயிர் இருக்கும். கம்பத்தில் ஏறுகிறவர் டெஸ்ட் செய்து, இரு பக்கமும் எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் தடி) போட்டு வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. அதை நாங்கள் செய்கிறோம். தரையில் கிடக்கும் அந்தக் கம்பியைத் தாண்டிப் போகிற குழந்தையிடம் எர்த் ராடு இல்லை.

மின்வாரிய சப்ளை திடீரென்று திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டு சப்ளையும் வெவ்வேறு கட்டத்தில் முட்டிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் சுருள் எரியும், சில நேரம் மெஷினே தீப்பிடிக்கும். வாரண்டிக்கு வந்தால் "தவறான இணைப்பு" என்று நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். சரியான இணைப்பு எது என்பதைப் பெட்டியில் வைத்திருந்தால் இது நேராது.

சரியான இணைப்பு கடினமானதும் இல்லை. வீட்டுக்கு வெளிச்சுவரில், மழை படாத மூடியோடு, ஜெனரேட்டர் ஒயரைச் சொருக ஓர் ஆண் பின் இன்லெட். அதிலிருந்து உள்ளே மூன்று நிலை கொண்ட சேஞ்ச் ஓவர் சுவிட்ச்: மின்வாரியம், நடுவில் ஆஃப், ஜெனரேட்டர். ஒன்றை விட்டால்தான் மற்றதைத் தொட முடியும் என்பதால் மறதிக்கு அதில் இடமே இல்லை. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு துருவம், அதாவது ஃபேஸோடு (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) மாற வேண்டும். மூன்று ஃபேஸுக்கு நான்கு துருவம். ஃபேஸை மட்டும் மாற்றும் மலிவுச் சுவிட்சைப் போட்டால் நியூட்ரல் வழியாக வீடும் தெருவும் இணைந்தே இருக்கும். 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) மெஷின் 230 வோல்ட்டில் தருவது சுமார் 22 ஆம்ப், அதற்கு 32 ஆம்ப் சேஞ்ச் ஓவர் போதும்.

ஒயர் கணக்கும் இதே போலத்தான். 2.5 கேவிஏ மெஷினுக்கு (11 ஆம்ப்) 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ரப்பர் உறை ஒயர் 20 மீட்டர் இழுத்தால் வோல்டேஜ் சுமார் 4 வோல்ட்தான் குறையும். 5 கேவிஏவுக்கு 4 சதுர மி.மீ. வேண்டும். வீட்டில் கிடக்கும் 0.75 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷனில் 11 ஆம்ப் ஓட்டினால் 13 வோல்ட்டுக்கு மேல் குறைவதோடு, ஒயரே சுடும், ஏனென்றால் அது 6 ஆம்ப்புக்கான ஒயர். எந்த ஒயரானாலும் சுருளை முழுதாகப் பிரித்துவிட்டுத்தான் லோடு கொடுக்க வேண்டும். சுருட்டியபடி ஓடினால் உள் சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

எர்த் விஷயத்தில் நீங்கள் செய்யும் தவறு எங்களுக்கே பல முறை குழப்பம் தந்திருக்கிறது. போர்ட்டபிள் மெஷின்கள் பலவற்றில் நியூட்ரல் ஃபிரேமோடு சேராமல் மிதக்கும். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே சேர்த்திருப்பீர்கள். எது எப்படி என்று மெஷின் மேல் ஒரு வரிகூட இருக்காது. எக்ஸ்டென்ஷனில் நேராக ஒரு ஃபிரிட்ஜும் இரண்டு விளக்கும் ஓட்டும்போது மிதக்கும் நியூட்ரல் பெரிய தொல்லை இல்லை. சேஞ்ச் ஓவர் வழியாக வீட்டு வயரிங்குக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். நியூட்ரல் மிதந்தால் கசியும் மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லை, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகச் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) கசிவை அறியாது, விழாது. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது: அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அழகாக விழும். டெஸ்ட் பட்டனின் உள் இணைப்பு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஓடுவது, எர்த்தைத் தொடுவதே இல்லை. வீட்டுக்காரர் அழுத்திப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். மெஷினின் ஃபிரேம் வீட்டு எர்த்தோடு சேர வேண்டும், ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரல் ஒரே ஓர் இடத்தில் எர்த்தோடு சேர வேண்டும். அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். செய்யலாமா கூடாதா என்று முடிவெடுக்க அவருக்கு வேண்டியது பெயர்ப்பலகையில் ஒரு சொல்: "மிதக்கும்" அல்லது "இணைந்தது".

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் நீங்கள் போடும் எண் உச்ச அளவு. தொடர்ந்து ஓடக்கூடிய அளவு உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். 2.5 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் உண்மையாக வேலைக்கு வரும் பங்கு) 2 கிலோவாட், அதிலும் நீண்ட நேரத்துக்கு முக்கால் பங்கு வைத்துக்கொள்வதே மெஷினுக்கு நல்லது. 1 எச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது 6 ஆம்ப் அளவுதான் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல 5, 6 மடங்கு. 11 ஆம்ப் மெஷின் அதைத் தூக்காது. வோல்டேஜ் சரிந்து, மோட்டார் முனகிக்கொண்டே நின்று சூடாகும். உடனே யாராவது கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி எஞ்சினை வேகமாக்குவார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் தரவேண்டியது 3,300-இல் 55 ஆகும். கெபாசிட்டரால் வோல்டேஜைச் சீராக்கும் வகை மெஷினாக இருந்தால் மோட்டார் நின்ற நொடியில் வோல்டேஜ் எகிறி, ஃபிரிட்ஜ் போர்டும் எல்இடி விளக்கும் போய்விடும். கிளம்ப அதிகம் கேட்கும் சாதனத்தை முதலில் ஓட்டி, நிலைத்த பிறகு மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும் என்பதை ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் பக்கத்தில் படமாகப் போடலாம்.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாக. ஓடும் மெஷினில், சூடான மெஷினில் ஊற்றக் கூடாது. நிறுத்தி 15 நிமிடமாவது ஆற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சைலன்சர் வரை போகும். இதைச் சொல்லும் நீங்களே டேங்க்கை ஏன் சைலன்சருக்கு மேலேயே வைக்கிறீர்கள், வாயை ஏன் சிந்தினால் எஞ்சின் மேல் வழியும்படி அமைக்கிறீர்கள்? இருட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஊற்றும் நிலை வராமல், ஒரு ராத்திரிக்குப் போதுமான டேங்க்கையும் தெளிவாகத் தெரியும் அளவுமானியையும் தரலாம்.

வாடகைக்கு விடுபவர்களே, உங்களிடம் கூடுதலாக ஒன்று. வாடகை மெஷினோடு கையேடு போவதே இல்லை. இறக்கிவைக்கும் ஆள் எங்கே வைக்கிறாரோ அங்கேதான் அது ராத்திரி முழுக்க ஓடும். அந்த ஆளின் கையில் ஒரு 6 மீட்டர் கயிறு கொடுங்கள், அளந்து வைக்கட்டும்.

எங்கள் கோரிக்கைகளை நேராகவே வைக்கிறோம். வாயு அளவு ஏறினால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் எல்லா மாடலிலும் இருக்க வேண்டும், விலை குறைந்ததில்தான் முதலில். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த மெஷினின் ஆம்ப்புக்குத் தகுந்த 20 மீட்டர் ரப்பர் ஒயர், ஆண் பின் இன்லெட், பேட்டரி அலாரம் ஆகியவை சேர்ந்தே வர வேண்டும், தனி விலைப் பொருளாக அல்ல. நாலு பக்கமும் திறந்த, தீப்பிடிக்காத மழைக்கூரை ஒன்றை மெஷினுக்கென்றே வடிவமைத்துத் தாருங்கள், சுற்றிலும் 1 மீட்டர் இடம் விட்டு. ஃபிரேமில் சங்கிலி போட வெல்டிங் வளையம் வையுங்கள். பெயர்ப்பலகையில் தொடர் அளவை உச்ச அளவைவிடப் பெரிதாக எழுதுங்கள், நியூட்ரல் நிலையை எழுதுங்கள். எச்சரிக்கையை வாங்குபவரின் மொழியில், படத்தோடு, ஸ்டார்ட் செய்பவரின் கண் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

கடைக்காரர்கள் இரண்டு முனை ஆண் பிளக் ஒயரைக் கட்டித்தருவதை இன்றோடு நிறுத்த வேண்டும். பில் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளித் திறந்த இடம் இருக்கிறதா?" இல்லை என்று சொல்பவருக்கு, அடுக்குமாடி பால்கனியில் வைக்கப்போகிறவருக்கு, ஜெனரேட்டரை விற்காதீர்கள். பேட்டரி இன்வெர்ட்டரைக் காட்டுங்கள்.

இதில் எதைச் செய்வீர்கள், எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். இன்லெட்டிலிருந்து சேஞ்ச் ஓவர், எர்த் வரை ஒரே பக்கத்தில் அடங்கும் வயரிங் படத்தை நாங்களே வரைந்து தருகிறோம், காசு வேண்டாம். பெட்டியில் மேலாக, மெஷினுக்கு முன்னால் கையில் கிடைக்கும்படி அதை வையுங்கள்.

இப்படிக்கு,
வயரிங், லைன், எஞ்சின் வேலை பார்க்கும் தொழிலாளர்கள்